தங்கத்துக்குக் கொல்லையில் ஒரு வீடு

கேள்வி: கால்நடை டாக்டருக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் எங்கள் ஐயா காலத்துப் பழைய வீட்டில் இருக்கிறோம். தங்கம் என்ற பெண் பூனையை 2 வருடமாக வளர்க்கிறோம். இரண்டு ஈற்றுப் போட்டுவிட்டது. இதுவரை வளவிலும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டிலும்தான் படுத்துக் கிடந்தது. மாமியாருக்கு இழுப்பு (ஆஸ்துமா) அதிகமானதிலிருந்து, பூனை வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று அவரைப் பார்க்கும் டாக்டர் சொல்லிவிட்டார். யாருக்காவது கொடுத்துவிட மனம் வரவில்லை. அதனால் பின்வாசலுக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு வீடு செய்யலாம் என்று இருக்கிறோம். யூடியூபில் பார்த்தபடி பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் தெர்மாகோல் ஒட்டி, கம்பளி விரித்து, மேலே தகரம் போட்டு, வாசலுக்குத் தொங்குகிற பிளாஸ்டிக் கதவு வைக்கலாமா? அளவு என்ன? முன்னோட்டமாக ஓர் அட்டைப் பெட்டி வைத்துப் பார்த்தோம். தங்கம் அதன் பக்கமே போகவில்லை. தெருநாய்த் தொல்லை உண்டு, பாம்பு பயமும் இருக்கிறது.
– கோட்டையூர் வாசகி

பதில்: அந்தப் பெட்டியைச் செய்யாதீர்கள் அம்மா. நீங்கள் பார்த்தது பனி கொட்டுகிற ஊருக்கான பெட்டி. கனடா மாதிரி இடங்களில் தெருப்பூனைகள் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கச் செய்வது. பூனையின் உடம்புச் சூடு வெளியேறாமல் உள்ளேயே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் பெட்டியைச் சிறிதாக்கி, தெர்மாகோல் ஒட்டி, வாசலுக்குத் திரை போடுகிறார்கள். அதையே சித்திரை மாதம் கோட்டையூரில் தகரத்துக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்தில் முதல் எதிரி வெயில். அடுத்தது ஐப்பசி, கார்த்திகை மழை. மூன்றாவது நாய். மார்கழிக் குளிரை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். நன்றாகச் சாப்பிடுகிற 2 வயதுப் பூனைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"தங்கம் காலையில் முற்றத்து வெயிலில் நீட்டிப் படுத்துக் கிடக்குமே" என்று கேட்பீர்கள். உண்மைதான். பூனை பாலைவனத்துக் காட்டுப்பூனையின் வழி வந்த பிராணி, நம்மைவிடச் சூட்டை ரசிக்கும். ஆனால் வெயில் காய்கிற பூனை, போதும் என்று தோன்றிய நிமிடம் எழுந்து குளிர்ந்த ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தத் தேர்வு இருப்பதால்தான் அதற்கு வெயில் சுகமாக இருக்கிறது. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், அதுவும் நாய்க்குப் பயந்து வெளியே வராமல் ஒடுங்கிக் கிடக்கிற பூனைக்கு அந்தத் தேர்வு இல்லை. பூனைக்கு வியர்ப்பது உள்ளங்கால்களில் மட்டும்தான். மற்றபடி முடியை நக்கி நக்கி ஈரமாக்கிக் குளிர்வித்துக்கொள்ளும். சுற்றியுள்ள காற்றே சூடாகவும் புழுக்கமாகவும் இருந்தால் அந்த வித்தையும் பலிக்காது.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், பெட்டி பிறகு. உங்கள் வீடு கிழக்குப் பார்த்த வாசல் என்றால் பின்வாசல் மேற்கே இருக்கும். நம் வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை அல்லவா? அப்படியானால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கம் என்று நீங்கள் சொல்லும் இடம் மாலை வெயில் முழுவதையும் வாங்குகிற சுவர். பழைய சுண்ணாம்புச் சுவரின் கனம் உங்களுக்குத் தெரியும். பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்தபின் நிதானமாக வெளியே விடும். இரவு எட்டு மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். போதாக்குறைக்கு அங்கே சோப்புத் தண்ணீர் தேங்கும். பூனை மிதித்துவிட்டு வந்து பாதத்தை நக்கும்.

பக்கவாட்டில் வடக்குச் சுவரை ஒட்டிச் சந்து இருந்தால் அதுதான் நல்லது. ஒரு சங்கதி மட்டும் கவனிக்க வேண்டும். சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் நம் ஊருக்கு உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்து விழும். ஆகவே வடக்குப் பக்கம் என்றாலும் ஓட்டுத் தாழ்வாரமோ வேப்பமர நிழலோ மேலே இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு இன்னொரு கணக்கு. ஓட்டிலிருந்து தண்ணீர் கோடு போட்ட மாதிரி ஒரே இடத்தில் சொட்டித் தரையில் பள்ளம் பறித்திருக்கும். அந்தக் கோட்டுக்கு உள்ளே, சுவரோரமாக வீடு இருக்க வேண்டும்.

இதெல்லாம் என் கணக்கு. தங்கத்தின் கணக்கு வேறாக இருக்கலாம். அதனால் ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வாரம், காலை, உச்சி, மாலை என்று மூன்று நேரமும் அது வெளியே எங்கே படுக்கிறது என்று பாருங்கள். அட்டைப் பெட்டியை அது சீண்டாததற்குப் பெரும்பாலும் காரணம் பெட்டி அல்ல, வைத்த இடம். ஆள் நடமாட்டம் நடுவே, பின்னால் என்ன வருகிறது என்று தெரியாத மூலையில் பூனை தூங்காது. முதுகுக்குச் சுவர், கண்ணுக்கு முன்னால் வாசல், தப்பிக்க இன்னொரு வழி – இந்த மூன்றும் இருக்கிற இடத்தை அதுவே தேடி வைத்திருக்கும். அங்கே கொண்டுபோய் வீட்டை வையுங்கள்.

இனி கட்டுமானம். மரக்கால்களை மண்ணில் ஊன்றாதீர்கள். கறையான் அடுத்த ஆடிக்குள் கணக்கை முடித்துவிடும். அதற்கென்று கறையான் மருந்து அடித்துத் தருகிறேன் என்று ஆசாரி சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்து ஊறிய பலகையில் உடம்பைத் தேய்த்துவிட்டு முடியை நக்குகிற பிராணி இது. கழிவு ஆயில் பூசுவதும் அதே கதைதான். இரண்டு செம்பூரான் கல்லையோ கருங்கல்லையோ போட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பெட்டியை உட்கார வையுங்கள். மழை தரையில் அடித்துத் தெறிக்கிற சேறு அந்த உயரத்துக்கு வராது. கீழே காற்றும் ஓடும். உச்சி வெயிலில் தங்கம் வீட்டுக்குள் போகாமல் வீட்டுக்கு அடியில் படுத்தால் மனம் கோணாதீர்கள், அதுவும் நீங்கள் கட்டிய நிழல்தான்.

பெட்டியின் உள் அளவு: நீளம் 2 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி. குளிர் ஊரில் இதைவிடச் சிறிதாகச் செய்வார்கள். நமக்கு இது குறைந்தபட்சம், அரை அடி கூடினாலும் நஷ்டமில்லை. பலகை பழைய தேக்காக இருந்தால் விசேஷம். இடித்த வீட்டுச் சாமான் உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கும். இல்லாவிட்டால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பலகை தேடலாம். பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் மட்டும் வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டினால் தூளாகப் பறக்கும், சுரண்டாவிட்டால் பூனை சுரண்டும். புதிதாக வாங்குவதென்றால் தண்ணீர் தாங்கும் 12 மி.மீ. பிளைவுட் போதும். மரத்தூள் அட்டைப் பலகை ஒரு மழைக்கே உப்பிவிடும்.

வாசல் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். காற்று ஊடுருவவும், ஒன்றில் நாய் மூக்கை நுழைத்தால் இன்னொன்றில் பூனை பாயவும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் சாரல் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும், நடுவில் பூனை நனையும். ஒன்று முன்பலகையில் ஓர் ஓரமாக, மற்றது எதிர்க்கோடியில் பக்கப்பலகையில். ஒவ்வொன்றும் 6 அங்குல அகலம், 7 அங்குல உயரம். கர்ப்பிணிப் பூனைகூட நுழையும், வளர்ந்த தெருநாயின் தோள் நுழையாது. வாசலின் அடியில் 3 அங்குலத்துக்குப் படி மாதிரி பலகை விட்டுவிடுங்கள், சாரல் தண்ணீர் உள்ளே வழியாது. தொங்கும் பிளாஸ்டிக் கதவு தேவையே இல்லை. பெட்டியைச் சுவரில் இரண்டு இரும்பு ஆங்கிள் வைத்து இறுக்கிவிடச் சொல்லுங்கள். நாய் உள்ளே வர முடியாவிட்டாலும் ஆத்திரத்தில் பெட்டியையே உருட்டித் தள்ளப் பார்க்கும்.

கூரையில்தான் எல்லாம் இருக்கிறது. தகரமும் கல்நார் சீட்டும் வேண்டாம். தகரம் கொதிக்கும், கல்நார் சீட்டை அறுக்கும்போது கிளம்பும் தூசு உங்கள் மாமியாருக்கு மட்டுமல்ல, அறுப்பவர் நுரையீரலுக்கும் கேடு. பெட்டியின் மேல்பலகைக்கும் அதன் மேல் வருகிற கூரைக்கும் இடையே 2 அங்குல இடைவெளி விட்டு, ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து நாட்டு ஓடு வேயச் சொல்லுங்கள். மேல் ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும், இடையில் ஓடுகிற காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். உங்கள் வீட்டுக் கூரையில் ஓடுகளை அடுக்கடுக்காக வேய்ந்திருப்பதும், வளவுக்கு நடுவே வானம் தெரிய முற்றம் விட்டிருப்பதும் இதே சூட்டோடு மல்லுக்கட்டத்தான். ஓடு கிடைக்காவிட்டால் பனையோலை இன்னும் குளிர்ச்சி, ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். கூரை முன்பக்கம் 8 அங்குலம் நீண்டு, வாட்டம் பின்பக்கமாக இருக்கட்டும். பக்கப்பலகைகள் மேலே முடிகிற இடத்தில், சுற்றிலும் 2 அங்குலம் விட்டு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்தால் மேலே தேங்குகிற சூடான காற்று வெளியேறும், அந்த வழியே பெரிய எலி வராது.

சுத்தம் செய்ய வழி விடாமல் கட்டுகிறவர்கள்தான் அதிகம். ஓடு வேய்ந்த கூரையைக் கீல் போட்டுத் தூக்க முடியாது. அதனால் பக்கப்பலகையில் வாசல் இல்லாத ஒரு பக்கம் முழுவதையும் கீல் போட்டுத் திறக்கிற மாதிரி செய்து, ஒரு கொண்டி வையுங்கள்.

தரைக்கு உங்கள் ஊரில் மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. வீட்டில் மிச்சம் கிடக்கிற ஆத்தங்குடிக் கல், உடைந்த துண்டானாலும் சரி, பெட்டிக்குள் பதித்துவிடுங்கள். கோடைக்கு அதைவிடச் சுகமான படுக்கை பூனைக்கு இல்லை. ஒரே ஒரு குறை, அது சிமென்டுக் கல், ஈரம் குடிக்கும். சிறுநீர் பட்டால் உடனே கழுவாவிட்டால் வாடை நின்றுவிடும். வெயில் காலத்தில் மேலே ஒரு பனையோலைத் தடுக்குப் போதும். விருந்தாளிக்கு எடுத்துப் போடுகிற தடுக்கு அல்ல, ஓரம் பிய்ந்தது. தங்கம் அதில் நகம் கூர்தீட்டும், தீட்டட்டும். மார்கழி, தை இரண்டு மாதமும் நைந்த நூல் சேலை ஒன்றை நாலாக மடித்துப் போடுங்கள். கம்பளி வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் குடித்துக்கொண்டு காயவே காயாது, தெள்ளுப்பூச்சிக்கு நல்ல விளைநிலம். வைக்கோலும் நம் மழைக்குப் பூஞ்சை பிடிக்கும். தெர்மாகோல் போட்டே தீர வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைத்தால், இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து மூடட்டும். வெளியே தெரிந்தால் பிய்த்துத் தின்னும்.

வெளிப்பக்கம் வெள்ளை நிறத்தில் தண்ணீரில் கரைகிற பெயின்ட் அடிக்கலாம், வெயிலைத் திருப்பிவிடும். உள்ளே எதுவும் பூச வேண்டாம். வாடை முழுவதும் போக ஒரு வாரமாவது காயவிட்ட பிறகே பூனையைப் பழக்குங்கள்.

இப்போது பினாயில். இதை நான் எழுதாத வாரம் குறைவு. கொல்லையைக் கழுவப் பினாயில் ஊற்றுவது நம் எல்லோர் வீட்டுப் பழக்கம். அந்த ஈரத்தில் நடந்த பூனை பாதத்தை நக்கும். பீனால் வகை நஞ்சை முறித்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. வாயில் நுரை தள்ளி, தள்ளாடிக்கொண்டு என்னிடம் வருகிற பூனைகளில் பலவற்றின் பாதத்தை முகர்ந்தாலே காரணம் தெரிந்துவிடும். தங்கத்தின் வீட்டைச் சோப்புத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிடுங்கள், அது போதும். பாம்புக்காகப் பாச்சை உருண்டை போடுகிற வழக்கமும் உண்டு. பாம்பு அதற்கெல்லாம் பயப்படாது, பூனைக்குத்தான் விஷம். கல்லீரலுக்குச் சக்தி குறைவு என்ற அதே காரணத்தால் நாய்க்கு வாங்கிய உண்ணிப் பவுடரையோ ஸ்பிரேயையோ தங்கத்துக்குப் போடக் கூடாது. பெர்மெத்ரின் கலந்தது என்றால் வலிப்பு வந்து இறந்துவிடும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று அரை பாராசிட்டமால் கொடுப்பதும் உயிர்போகிற காரியம்.

பாம்புக்கு உண்மையான வைத்தியம், சாப்பாட்டைத் தங்கத்தின் வீட்டுக்குள் வைக்காமலிருப்பது. சிந்திய சோறு எலியைக் கூப்பிடும், எலி கட்டுவிரியனைக் கூப்பிடும். பெட்டிக்கு நாலைந்தடி தள்ளித் தட்டை வைத்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எறும்பு மொய்க்காமல் இருக்க அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே சாப்பாட்டுக் கிண்ணத்தை வைக்கலாம். பெட்டியைச் சுற்றி விறகு, தேங்காய் மட்டை, உடைந்த ஓடு என்று எதையும் குவிக்காதீர்கள். தண்ணீர் மண்சட்டியில், இரண்டு இடத்தில் இருக்கட்டும். பூனை தாகமாக இருந்தாலும் தண்ணீரைத் தேடிப் போய்க் குடிப்பதில் சோம்பேறி. ஒரு மணல் தொட்டியைப் பத்தடி தள்ளி வைத்தால் உங்கள் கீரைப்பாத்தி பிழைக்கும்.

இவ்வளவு செய்தும் கத்திரி வெயிலில் ஒரு நாள் தங்கம் நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாய்க்கு அது இயல்பு, பூனைக்கு அது அபாயச் சங்கு. பூனையின் உடம்புச் சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். 40-ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால் எச்சில் வடியும், ஈறு கருஞ்சிவப்பாகும், நடை தள்ளாடும். உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், குழாய்த் தண்ணீரால் வயிறு, தொடையின் உட்பக்கம், பாதங்களை நனைத்து, மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி உள்சூடு உள்ளேயே நின்றுவிடும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்து எழுந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

புது வீட்டுக்குப் பழக்குவது எளிது, அவசரப்படாவிட்டால். தூக்கி உள்ளே திணித்தால் அந்த வாசலை அது வாழ்நாளுக்கும் மறக்காது. தங்கம் ஏற்கெனவே படுத்துப் பழகிய துணியைத் துவைக்காமல் உள்ளே போடுங்கள். முதல் சில நாள் கருவாட்டுத் துண்டு ஒன்றைப் படிமேல் வைத்து, பிறகு உள்ளே வையுங்கள். பழகிய பின் நிறுத்திவிடலாம். இருட்டியதும் பெட்டியைப் பூட்டி வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். வேண்டாம். பாம்போ கீரியோ வந்தால் ஓட வழியிருக்க வேண்டும்.

உங்கள் மாமியார் விஷயத்தில் ஒரு வார்த்தை. இழுப்பைத் தூண்டுவது பூனை முடி என்று நினைக்கிறோம். உண்மையில் அது பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருக்கிற ஒரு புரதம். முடியோடு ஒட்டி வந்து துணியிலும் மெத்தையிலும் தங்கிவிடும். பூனையை வெளியே அனுப்பிய பிறகும் அது முழுவதும் குறையப் பல மாதம் ஆகும். 'பூனையைத்தான் விரட்டியாச்சே, இன்னும் ஏன் இழுக்கிறது' என்று அடுத்த மாதமே ஆச்சி கேட்டால் இதைச் சொல்லுங்கள். மெத்தை உறை, தலையணை உறை, திரைச்சீலைகளை வெந்நீரில் துவையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெட்டியைச் சுத்தம் செய்கிறவர் நீங்களாக இருந்தால், கையைக் கழுவிச் சேலை மாற்றிய பிறகு ஆச்சி பக்கம் போங்கள்.

கடைசியாக, வரிசையை மாற்றிவிடாதீர்கள். கருத்தடை அறுவை சிகிச்சையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முதலில், வீடு மாற்றம் பிறகு. வெளியே குடியேறிய பெண் பூனையைத் தேடிச் சுற்றுவட்டாரக் கடுவன்கள் எல்லாம் வரும். அதற்கு 63, 64 நாளில் அந்த இரண்டடிப் பெட்டியில் குட்டிகளும் இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் அது சினையாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துவிடுவார். தடுப்பூசியை வருடந்தோறும் மறக்காதீர்கள். தெருநாயோடு மோத வாய்ப்புள்ள பூனைக்கு அதில் சமரசமே கிடையாது. தையல் ஆறப் பத்து நாள் ஆகும். அதுவரை மண்ணும் மழையும் படாமல் வைத்திருக்க வேண்டும். மூன்றாங்கட்டில் ஓர் அறையைச் சாத்தி வைத்து, அந்தப் பத்து நாளுக்கு மட்டும் ஆச்சியிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆசாரி வேலையை முடிக்கவும் அவ்வளவு நாள் ஆகும்.